வியட்நாமில் சிரித்தது

போன்ல நீங்க பேசுனது காதுல விழுந்துச்சுங்க. ஒட்டுக்கேட்டன்னு நினைக்காதீங்க, பஸ்ஸுல ஒரே சீட்டுல உக்காந்துட்டு காதை எங்க கொண்டுபோய் வெக்கிறது. வியட்நாமுக்குத்தானுங்க போறீங்க? லேடீஸ் குரூப்பாட்டங்க? நல்லதுங்க. நானும் போயிருக்கறன். போன வருசம் வைகாசியில.

என்னையப் பாத்தா அப்புடித் தெரியாது. தெரியாதுங்க, எனக்கே தெரியாது. போயிட்டு வந்தன்னு பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்குது, அதனால போயிருக்கறன்.

வெள்ளகோயில்ல எங்களுக்குச் சிமெண்ட்டுக் கடைங்க. நாச்சிமுத்து டிரேடர்ஸ். நாச்சிமுத்துங்கறது எங்கூட்டுக்காரரு பேரு. என்ற பேரு மைலாத்தா. கம்பெனிக்காரங்க வருசா வருசம் டீலருங்களுக்கு டார்கெட்டுன்னு ஒண்ணு வெப்பாங்க. இத்தனை லோடு ஓட்டுனா வெளிநாட்டு டூரு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேத்துக்கும். கொஞ்சம் கொறைஞ்சா குக்கரு. இவரு ஒவ்வொரு வருசமும் கொஞ்சத்துல விட்டுருவாரு. எங்கூட்டுப் பரண் பூராம் குக்கருதானுங்க. போன வருசம் எப்புடியோ தொட்டுட்டாரு. மாசிக் கடைசியில சேதி வந்துச்சு. திருப்பூரு போயி எனக்கு ஸ்வெட்டரெல்லாம் வாங்கியாந்தாரு. அங்க வேகாத வெயிலுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

பங்குனியில, கடை வாசல்ல லோடு எறக்கிட்டு இருக்கறப்ப, நெஞ்சைப் புடிச்சுட்டு மூட்டை மேலயே உக்காந்தவருதான். எந்திரிக்கல.

இல்லீங்க, நீங்க சங்கடப்படாதீங்க. நான் டூரைப் பத்திச் சொல்றதுக்குத்தான் இதைச் சொன்னன்.

நான் அழுகலீங்க. அழுகோணும்னு எல்லாரும் எதிர்பாத்தாங்க. இவரு அக்கா, எனக்கு நங்கை, கன்னிவாடியில இருக்கறாங்க, வந்து என்னையக் கட்டிப் புடிச்சு உலுக்குனாங்க. நான் அவங்க தோளுக்கு மேல வாசல்ல வந்தவங்களுக்கெல்லாம் டீ போச்சான்னு பாத்துட்டு இருந்தன். பல்லு புடுங்கறப்ப ஊசி போட்டா கன்னம் நம்முளுதே இல்லாத மாதிரி இருக்குமுங்களே, அப்புடி. உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும்.

காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு கம்பெனி மேனேசரு ஊட்டுக்கு வந்தாரு. அண்ணன் ஒழைச்சுச் சம்பாதிச்ச டூரு, வீணாப் போகக்கூடாதும்மான்னாரு. கூட என்ற கொழுந்தனாரு லோகு உக்காந்துட்டு இருந்தாரு. இவருக்கு ஒரே தம்பிங்க அவரு. ரொம்பப் பொறுப்பு. அண்ணன் போனதுல இருந்து கடைச் சாவியை அவருதான் வெச்சிருந்தாரு, நாம கேக்கவே வேண்டியதில்ல.

"அண்ணி, நீங்க வந்தீங்கன்னா கூட ஒருத்தரு வரலாமாம். நீங்க வராட்டி ரெண்டு சீட்டும் போயிருமாம்"னு லோகு சொன்னாரு.

"நான் எதுக்கு தம்பி, துக்கக்காரி"ன்னன்.

"மனசுக்கு ஒரு மாத்தமா இருக்குமுங்க அண்ணி. கம்பெனிக்காரங்களும் நம்மளை நாலு பேத்துக்கு முன்னால பாக்கோணும்."

செரின்னுட்டன். வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு தெம்பு வேணுமில்லீங்க. நங்கை போன்ல கத்துனாங்க, வருசம் திரும்பாம ஊட்டைத் தாண்டுறதான்னு. அதுக்கும் செரின்னன். லோகுதான் அவங்களைச் சமாதானம் பண்ணுனாரு.

அப்புடித்தான் நான் ஏரோப்ளேன் ஏறுனது. ஜன்னல் சீட்டு. மேகத்துக்கு மேல போகுதுன்னு எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. நானும் பாத்தன். பஞ்சு குடோனாட்டம் இருந்துச்சு. அவ்வளவுதான்.

குரூப்புல எல்லாம் நம்ம பக்கத்து டீலருங்க. ஈரோடு, கரூரு, தாராபுரம், பொள்ளாச்சி. சில பேரு சம்சாரத்தோட. நீங்க ஊறுகாய் கொண்டு போறீங்களா? கொண்டு போங்க, ஆனா டப்பா மூடியை நம்பாதீங்க. கோபிச்செட்டிபாளையத்து டீலர் மாரப்பண்ணன்னு ஒருத்தரு, நல்ல தாட்டியான ஆளு, எலுமிச்சங்கா ஊறுகாயைப் பொட்டிக்குள்ள வெச்சுட்டாரு. அங்க போயி எறங்குனா, பொட்டிங்க சுத்தி வருமுங்களே அந்த ரப்பரு பெல்ட்டு, அது பூராம் மஞ்ச எண்ணெய். ஒரு வெள்ளைக்காரம்மா பொட்டியெல்லாம் நம்மூரு வாசம். ஆபீசரு ஒருத்தரு நாயைக் கூட்டியாந்தாரு. நாயி ஒரு தும்மல் போட்டுட்டுப் போயிருச்சு. மாரப்பண்ணன் மூணு வேளையும் வெள்ளைச் சட்டை போடறவரு, கடைசி வரைக்கும் அந்த மஞ்சச் சட்டைகளோடதான் திரிஞ்சாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சிரிக்கல. சிரிக்கக் கூடாதுன்னு இல்லீங்க, வரல.

ஓட்டல்ல எனக்குத் தனி ரூம்பு. ஜோடி வரும்னு முன்னாலயே எழுதி வெச்சிருந்தாங்களாட்ட இருக்குது. கட்டுலு மேல பூவைத் தூவி, துண்டை அன்னப்பறவையாட்டம் மடிச்சு, ரெண்டு அன்னத்தையும் மூக்கோட மூக்கு வெச்சு நிறுத்தியிருந்தாங்க. என்ன பொறுமைங்க அவங்களுக்கு. நான் அதைக் கலைக்கல. கலைச்சா அந்தப் புள்ளைங்க மறுபடி மடிக்கோணும் பாருங்க. நான் சோபாவுல படுத்துக்கிட்டன். அந்த ஓட்டல்ல இருந்த அத்தனை நாளும் சோபாதான். முதுகு வலிச்சுது. ஆனா அந்த அன்னம் ரெண்டும் அப்புடியே இருந்துச்சுங்க, கடைசி வரைக்கும்.

சாப்பாடுதான் உங்களுக்குக் கஷ்டம். காலையில பெரிய போசியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணிச் சாறு, அதுல சேமியாவாட்டம் ஒண்ணு, மேல பச்சைத் தழை. எதைத் தின்னாலும் எனக்கு ஒரே ருசிதான் அப்ப, அதனால நான் பாட்டுக்குத் தின்னுட்டு இருந்தன். மத்தவங்கெல்லாம் பருப்புப் பொடிக்கு அடிச்சுக்கிட்டாங்க. "அக்கா எதுக்கும் கொறை சொல்லாம சாப்பிடறாங்க பாரு"ன்னு அவங்கவங்க சம்சாரத்துக்கு என்னையக் காட்டுனாங்க.

ரோடு இருக்குதுங்களே, அதைச் சொல்லோணும். ஹனோய்னு அந்த ஊருல, வெள்ளம் வந்தாப்புல ஸ்கூட்டருங்க. நிக்கவே நிக்காது. ஒரு வண்டியில மனுசன், பொண்டாட்டி, ரெண்டு பன்னிக்குட்டி, ஒரு பிரிட்ஜு. கைடு ஒரு புள்ளை, லான்னு பேரு, சொல்லுச்சு: நிக்காதீங்க, ஓடாதீங்க, மெதுவா ஒரே சீரா நடங்க, அவங்களே வெலகிப் போவாங்கன்னு. நம்ம ஆம்பளைங்க ஒருத்தரும் எறங்கல. லாரி லாரியா லோடு ஏத்தற ஆளுங்க, பிளாட்பாரத்துல நின்னுட்டு அடியெடுத்து வெக்கறதும் பின்னால வாங்கறதுமா இருந்தாங்க. நான் எறங்கி நடந்தன். இந்தப் பக்கமும் பாக்கல, அந்தப் பக்கமும் பாக்கல. தண்ணியில கல்லு கெடந்தா தண்ணி சுத்திப் போகுமில்லீங்க, அப்புடிப் போச்சு வண்டியெல்லாம். அக்கட்ட போயித் திரும்பிப் பாத்தா எல்லாரும் வாயைத் தொறந்துட்டு நிக்கறாங்க. பொறவு என்னையத் திரும்ப வரச் சொல்லி, என்ற பின்னால வரிசையா நின்னு, மாரப்பண்ணன் என்ற சீலைத் தலைப்பைப் புடிச்சுக்கிட்டாரு, அப்புடித்தான் கடந்தோம்.

"அக்காவுக்கு என்ன தைரியம்"னாங்க. தைரியமெல்லாம் இல்லீங்க. அடிபட்டா அடிபடட்டும்னு கூட நினைக்கல. ஒண்ணுமே நினைக்கல.

அப்பறம் கடலைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு பஸ்ஸு. வழியில ஒரு முத்துக்கடையில நிறுத்துவாங்க, உங்களையும் நிறுத்துவாங்க, வாங்காதீங்க. நான் உள்ள போயி ஒரு முக்காலியில உக்காந்தன். சிப்பியைக் கத்தியில தொறந்து முத்தெடுக்கறதை ஒரு பொம்பளை காட்டிட்டு இருந்தா. அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தவ, நிமிந்து பாத்தா நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணம். வெளிய வந்தா பஸ்ஸும் இல்ல.

வேற ஆளா இருந்தா அலறியிருப்பாங்க. நான் திரும்ப அந்த முக்காலியிலயே போயி உக்காந்துக்கிட்டன். எனக்கென்ன, அங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், கடலைப் பாத்தாலும் ஒண்ணுதான். அந்தப் பொம்பளை மத்தியானம் அவ சோத்தைப் பிரிச்சு எனக்குப் பாதி குடுத்தா. பாஷை இல்ல. அவ என்னமோ கேட்டா, நான் என்னமோ சொன்னன். "மைலாத்தா"ன்னு நெஞ்சைத் தொட்டுச் சொன்னன். "மாய், மாய்"னு அவளுக்கு ஒரே சந்தோசம். அந்த ஊருல பொம்பளைங்களுக்கு மாய்னு பேரு வெப்பாங்களாம், லான் பொறவு சொல்லுச்சு. சாயங்காலமா அந்த லான் புள்ளைதான் ஒரு காரை எடுத்துட்டு வந்து என்னையக் கூட்டிட்டுப் போச்சு. கண்ணெல்லாம் செவந்து போச்சு அதுக்கு.

தலையெண்ணறப்ப லோகு, அண்ணி அந்தப் பஸ்ஸுல இருக்கறாங்கன்னு சொல்லிட்டாராம். "நீங்க அதுல ஏறுனாப்புல இருந்துச்சுங்க அண்ணி"ன்னாரு. பாவம், மேனேசரோட பேசிட்டே வந்திருக்கறாரு. டூருக்கு வந்தாலும் அவருக்குக் கடை நினைப்புதான்.

நான் போயிச் சேர்றப்ப கடலோர ஓட்டல் ஹால்ல பாராட்டு விழா. லைட்டு, மைக்கு, பாட்டு. நான் பின்னால ஒரு நாற்காலியில உக்காந்தன். நாச்சிமுத்து டிரேடர்ஸ்னு கூப்பிட்டாங்க. லோகு மேடையேறுனாரு. புதுக் கோட்டுங்க, கோயமுத்தூர்ல தெச்சது. மேனேசரு மைக்குல, இனிமே நாச்சிமுத்து டிரேடர்ஸை நடத்தப் போறவரு இவருதான்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனன். மாரப்பண்ணன் திரும்பி என்னையப் பாத்தாரு. "ஏனுங்க அக்கா, உங்களைக் கேட்டாங்களா"ன்னாரு.

"என்னத்தைக் கேக்கோணும்"னன்.

கேக் வெட்டுனாங்க, சாப்பிட்டன்.

அடுத்த நாளு போட்டு சவாரி, பெரிய படகு. ஹாலோங்னு சொல்ற எடம். நீங்களும் போவீங்க. கடலுக்குள்ள மலைங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பாக்கற பக்கமெல்லாம். செங்குத்தா, மேல கொஞ்சம் செடி. பச்சைத் தண்ணி. அத்தனை பேரும் போனைத் தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்தாங்க. போட்டுல ரெண்டு ரெண்டு பேரா உக்கார்ற சீட்டு. லோகு மேனேசரோட மேல்தட்டுக்குப் போயிட்டாரு. நான் ஒத்தையில உக்காந்திருந்தன். பக்கத்து சீட்டுல அந்த ஆரஞ்சு கலரு மிதவைச் சட்டை மட்டுங் கெடந்துச்சு.

எதுத்தாப்புல மாரப்பண்ணன், அந்த மஞ்சச் சட்டையில. ரொம்ப நேரம் மலையையே பாத்துட்டு இருந்தாரு. லான் புள்ளை மைக்குல, இதெல்லாம் சுண்ணாம்புக்கல் மலைங்கன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். சிமெண்ட்டு விக்கற கூட்டத்துக்கிட்ட அதைச் சொல்லலாமுங்களா? சுண்ணாம்புக்கல்லுதான் சிமெண்ட்டே. எல்லாரும் ஒரேயடியா நிமிந்து உக்காந்தாங்க. கடவுளே இத்தனை கல்லு சும்மா கெடக்குதேன்னு ஒருத்தரு. ஒரு பேக்டரி போட்டா பேரன் காலம் வரைக்கும் ஓட்டலாமேன்னு ஒருத்தரு.

அப்பத்தான் மாரப்பண்ணன் எந்திரிச்சாரு. இல்லாத வேட்டியைத் தூக்கிக் கட்டற மாதிரி பண்ணுனாரு, பேண்ட்டுத்தான் போட்டிருந்தாரு. மேல்தட்டைப் பாத்துத் தொண்டையை ஒரு கனை கனைச்சாரு. "ஏனப்பா மேனேசரு, இந்த மலையெல்லாம் ஆரு குத்தகை? கடலுக்குள்ள கெடக்கறதால நனைஞ்ச மாலுதானே, நமக்கு மூட்டைக்கு என்ன கொறைப்பே?"

அப்புடியே எங்கூட்டுக்காரருங்க. அந்தக் கனைப்பு, அந்த இழுவை, நனைஞ்ச மாலுங்கற சொல்லு. எந்த லோடு வந்தாலும் அவரு அதைத்தான் சொல்லுவாரு, சித்திரை வெயில்ல வந்தாக்கூட. டீலரு மீட்டிங்குல எல்லாருக்கும் இவரைத் தெரியுமாட்டங்க. போட்டே குலுங்கிச் சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டன்.

எப்புடி வந்துச்சுன்னு தெரியல. வயித்துல இருந்து வந்துச்சு. வாயைப் பொத்தியும் நிக்கல, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சன். மேல இருந்து லோகு எறங்கி வந்து எட்டிப் பாத்தாரு. என்ற பக்கத்துல குனிஞ்சு, "அண்ணி, நாலு பேரு பாக்கறாங்க"ன்னாரு.

நின்னுருச்சு. பைப்பைத் திருகி மூடுனாப்புல. அதுக்கப்பறம் மலை மலையாவே இருந்துச்சு, தண்ணி தண்ணியாவே இருந்துச்சு. டூரு முடிஞ்சு ஊருக்கு வந்துட்டோம்.

அதுக்குள்ள போட்டோ வந்துருச்சுங்க. ஆரு எடுத்தா, எப்புடி எங்க ஒறம்பரைச் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துச்சு, ஒண்ணும் தெரியாது. நான் வாயைப் பொளந்துட்டுச் சிரிக்கற போட்டோ. தலைமுடியெல்லாம் காத்துல பறக்குது. புருசன் போயி ரெண்டு மாசத்துல வெளிநாட்டுல கும்மாளம் போட்டுட்டு வந்தவன்னு பேச்சாயிப் போச்சு. கலியாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தவங்க வாசல்லயே குடுத்துட்டுப் போனாங்க. ஓசூர்ல கட்டிக்குடுத்த என்ற மக, நெறமாசக்காரி, அவ மாமியாரு அவகிட்டக் கேட்டாங்களாம். அவ போன்ல அழுதா. அவ அழுகறதுக்கு நான் என்ன பண்றதுன்னு தெரியாம, செரி கண்ணு, செரி கண்ணுன்னு சொல்லிட்டு இருந்தன்.

ஆடி மாசம் நங்கை வந்தாங்க. கூட லோகு, லோகு சம்சாரம், பெரியவங்க ரெண்டு பேரு. லோகு கையில கம்பெனிக் காயிதம், கடையை அவரு பேருக்கு மாத்தறதுக்கு. பேச்சை நங்கைதான் ஆரம்பிச்சாங்க.

"கொஞ்ச நாளைக்கு நீ ஊட்டுல இரு. கடைக்கு நாலு ஆம்பளைங்க வருவாங்க. அங்கயும் போயிச் சிரிச்சுட்டு நின்னா நம்ம குடும்பத்துக்கு நல்லாவா இருக்கும்?"

நான் பேனாவை வாங்கிட்டனுங்க. கடை எனக்கு எதுக்கு, கம்பி சைஸ் கூடத் தெரியாது. எங்க போடோணும்னு லோகு வெரலை வெச்சுக் காட்டுனாரு.

அப்ப நங்கை, "கையெழுத்து எங்கயும் போயிறாது. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. என்ற தம்பியைப் பொசுக்கிட்டு வந்து ரெண்டு மாசத்துல உனக்கு அப்புடி என்ன சிரிப்பு"ன்னாங்க.

"சுண்ணாம்புக்கல்லுங்க"ன்னன்.

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்தாங்க. மூளை பெசகிருச்சுன்னே நினைச்சிருப்பாங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க. போட்டுல நடந்ததை ஆரோ வீடியோ எடுத்திருக்கறாங்க, மாரப்பண்ணன் அதை எனக்கு அப்பவே அனுப்பியிருந்தாரு. நான் தொறந்தே பாக்கல. அதை எடுத்து நங்கை கையில குடுத்தன். அவங்களுக்குக் காது மந்தம். சத்தத்தை முழுசா வெச்சுட்டு, போனைக் காதோரம் ஒரு தடவை, கண்ணுக்கு நேரா ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பாத்தாங்க. மாரப்பண்ணன் கனைக்கறது கூடம் பூராம் கேட்டுச்சு. நனைஞ்ச மாலுன்னதும் பெரியவங்கள்ல ஒருத்தரு தலையைக் குனிஞ்சுட்டாரு.

அப்பறம் என்ற சிரிப்பு. சிரிச்சுட்டே பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பறன். "மாமா, கேட்டீங்களா, உங்களையாட்டவே பேசறாரு"ன்னு சொல்றன். கையை நீட்டி அந்த ஆரஞ்சுச் சட்டையைத் தட்டறன். நல்லாத் தெரியுதுங்க வீடியோவுல.

பழக்கதோஷம். முப்பது வருசமா மாமா மாமான்னு கூப்புட்ட வாயி, வேறென்ன. அப்ப நான் அவரை நினைக்கவே இல்லீங்க.

நங்கை திரும்ப வெச்சுப் பாத்தாங்க. மறுபடியும் வெச்சாங்க. அப்பறம் முந்தானையை வாயில அடைச்சுட்டு ஒரு அழுகை. எனக்குச் சங்கடமாப் போயி உள்ள போயித் தண்ணி கொண்டாந்தன். வந்து பாத்தா அந்தக் காயிதத்தை நாலா மடிச்சு அவங்க இடுப்புல சொருகிட்டாங்க.

"அக்கா, மேனேசரு நாளைக்கு வர்றாரு"ன்னு லோகு சொன்னாரு.

"வரட்டும். அவகிட்டப் பேசிக்குவாரு. சாவியை அவகிட்டக் குடு."

"அண்ணிக்கு என்னங்கக்கா தெரியும்?"

"எந்திரி லோகு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. நான் உப்புமாவுக்குத் தண்ணி வெச்சிருந்தன், ஒருத்தரும் சாப்புடாம போயிட்டாங்க. அந்த வீடியோவுல என்னத்தைக் கண்டாங்கன்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல. சிரிச்சது சிரிச்சதுதானுங்களே.

லோகு இப்பப் பேசறதில்ல. நல்ல மனுசன், என்ன கோவமோ. கடையை நான்தான் பாத்துக்கறன். இன்னைக்குக் கூட கோயமுத்தூர்ல கம்பெனி டெப்போவுக்குத்தான் வந்தன், மழையில நனைஞ்ச லோடு ஒண்ணை அனுப்பிட்டாங்க, திருப்பி எடுக்க மாட்டோம்னாங்க. எடுக்கற வரைக்கும் அங்கயே நாற்காலியில உக்காந்துட்டன். எடுத்துக்கிட்டாங்க. எனக்கு உக்கார்றதுக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க. வியாபாரமெல்லாம் ஒண்ணுந் தெரியாது, உக்காரத் தெரியும்.

அழுகைதான் இன்னும் வரல. அழுகோணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல, மகதான் கேட்டுட்டே இருக்கறா. பேரன் பொறந்துட்டான், அவனைப் பாத்தும் வரல. வர்றப்ப வரட்டும்.

காங்கேயம் தாண்டியாச்சு, நான் அடுத்ததுல எறங்கிருவன். நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க. ஸ்வெட்டரு வேண்டாம். முத்து வாங்காதீங்க. ரோட்டுல நிக்காம நடங்க. அந்தப் போட்டுல மட்டும் ஒத்தையில உக்காராதீங்க. எதைக் கண்டாலும் சட்டுனு திரும்பிச் சொல்லத் தோணுமுங்க அங்க. பக்கத்துல ஆளு இருக்கற மாதிரிப் பாத்து உக்காந்துக்கோங்க.